தயிர் டிப் தண்ணீர் விடாமல் இருக்க

கேள்வி: எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் மண்டபம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு மீன் வறுவல், கட்லெட், சப்பாத்தி என்று எதை வைத்தாலும் பக்கத்தில் மயோனைஸ் வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுத் தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, உப்பு போட்டு மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீராகிவிட்டது. சாயங்காலத்துக்குள் புளித்தும் விட்டது. கெட்டியாக, க்ரீம் போல வர என்ன செய்ய வேண்டும்? மீனோடு தயிர் சேர்க்கவே கூடாது என்கிறார் மாமியார். கணவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, அவரும் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் சேர்த்த பொருள்களில் தவறு எதுவும் இல்லை. வரிசைதான் மாறிவிட்டது. தயிரிலிருந்து தண்ணீரை முதலில் எடுத்துவிட வேண்டும். உப்பைக் கடைசியில் போட வேண்டும்.

பால் புளிக்கும்போது அதிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வலை போல ஆகிறது. அந்த வலைக் கண்களுக்குள் தண்ணீர் சிக்கி நிற்பதுதான் தயிர். 100 கிராம் தயிரில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். மிக்ஸியின் பிளேடு அந்த வலையை அறுத்துவிட்டது, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. போதாததற்கு வெள்ளரிக்காய். உப்புப் பட்டதும் அது தன் தண்ணீரை விட ஆரம்பிக்கும். கருவாடு போடுகிற கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீனைக் கீறி உப்பு வைத்து அடுக்கினால் கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது அல்லவா? உங்கள் கிண்ணத்திலும் அதேதான் நடந்தது.

சரி, பாலிலிருந்தே ஆரம்பிப்போம். நல்ல டிப்புக்கு, அதாவது இப்படித் தொட்டுக்கொள்ளும் க்ரீமுக்கு, பாதி வேலை தயிர் உறைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆவின் பாக்கெட் வாங்கினால் நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. உங்கள் தேவைக்கு நீலமோ பச்சையோ போதும். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். சிறு தீயில் பத்து நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே விடுங்கள். அந்தச் சூட்டில் பாலிலுள்ள இன்னொரு வகைப் புரதமும் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். வலை இறுகும், தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். இந்தப் பத்து நிமிடத்தின் வித்தியாசம் கரண்டி போட்டு எடுக்கும்போதே தெரியும்.

உறை ஊற்றுவதற்குப் பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிர் போதும். இங்கேதான் கடற்கரை ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் நாலைந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். இரவு ஊற்றிவிட்டுக் காலையில் பார்த்தால், உறைந்த பிறகும் மூன்று நான்கு மணி நேரம் அது வெளியிலேயே இருந்து புளித்திருக்கும். பாக்டீரியா பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுவதைத் தானாக நிறுத்திக்கொள்ளாது, குளிர்ச்சிதான் அதன் வேகத்தைக் குறைக்கும். அதனால் டிப்புக்கான தயிரைப் பகலில் உறை ஊற்றுங்கள். உறைந்தது தெரிந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மண் சட்டி இருந்தால் அதிலேயே உறைய விடலாம். சட்டி கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாக வரும்.

அடுத்து வடிப்பது. இதற்கென்று தனிச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். இட்லித் துணியே போதும். ஆனால் அந்தத் துணியை அலசிய தண்ணீரை யோசித்துப் பாருங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. சோப்பும் உப்பும் துணியிலேயே தங்கித் தயிரில் வாடை அடிக்கும். கடைசியாக ஒரு முறை குடிதண்ணீரில் அலசி, வெந்நீரில் போட்டு எடுத்துப் பிழிந்துகொள்ளுங்கள். குடம் குடமாகத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை, தெரியும். ஒரு சொம்பு போதும்.

வடிகட்டியை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து, துணியை இரண்டாக மடித்து விரித்து, அரை கிலோ தயிரை ஊற்றி மூட்டையாகக் கட்டுங்கள். ஆணியில் தொங்கவிடும் பழக்கம் உண்டு. உங்கள் ஊர்ச் சூட்டுக்கு அது வேண்டாம், தொங்கும் நேரத்திலேயே புளித்துவிடும். வடிகட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடுங்கள். நான்கு மணி நேரத்தில் ஊற்றிக்கொள்கிற பதத்துக்கும், ஆறேழு மணி நேரத்தில் தொட்டுக்கொள்கிற பதத்துக்கும் வரும். அரை கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் வரை கிடைக்கும். கையால் பிழிய வேண்டாம், புரதமும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

கீழக்கரைப் பக்கம் வளைகுடா போய்வந்தவர்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள், லப்னே என்பார்கள். அதுவும் இப்படி வடித்து உப்புப் போட்ட தயிர்தான். நமக்குப் புதிய பெயரே தவிர புதிய பண்டம் இல்லை.

கீழே இறங்கிய தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். தயிரின் கால்சியத்தில் ஒரு பங்கு அதோடுதான் போகிறது. சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்துக்கு விளாவலாம், பெருங்காயம் போட்டு மோர் மாதிரிக் குடிக்கலாம். ஒரு கால் டம்ளரை மட்டும் எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது கலப்பது. வடித்த தயிரை ஒரு கிண்ணத்தில் போட்டு முள்கரண்டியாலோ சின்ன மத்தாலோ ஒரே பக்கமாக அடியுங்கள், ஒரு நிமிடம் போதும். அடித்துக்கொண்டே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மயோனைஸின் வழவழப்பு எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அதில் முக்கால் பங்கு எண்ணெய். நமக்கு இந்த ஒரு கரண்டியே நாக்கில் அதே உணர்வைக் கொடுத்துவிடும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் பொட்டுக்கடலையைச் சன்னமாகப் பொடித்துச் சலித்து ஒரு தேக்கரண்டி சேருங்கள். மீதியிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கடைகளில் கார்ன்ஃப்ளார் செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது, கூடுதலாகப் புரதமும் தருகிறது.

பூண்டை நேராகத் தயிரில் போட்டால் நேரம் ஆக ஆகக் காரமும் நெடியும் கூடும். இரண்டு பல்லை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நசுக்கும்போது அந்த நெடியை உண்டாக்கும் நொதி புளிப்பில் அடங்கிவிடும், வாசனை மட்டும் நிற்கும். வெள்ளரிக்காயைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் பிசிறி, பத்து நிமிடம் கழித்து நன்றாகப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். போட்ட உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடேயே போய்விடும். மற்ற உப்பைப் பரிமாறுவதற்குச் சற்று முன்பு போடுங்கள்.

மகனை மயோனைஸிலிருந்து திருப்ப வேண்டுமென்றால் வெள்ளை டிப்பை விட இந்த மாவட்டத்து மிளகாய் போட்ட டிப்புதான் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், நீங்கள் குண்டு மிளகாய் என்பது, தோல் தடித்தது, நல்ல நிறம் கொடுப்பது. மூன்று மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, பூண்டோடு விழுதாக அரைத்து, மேலே சொன்ன தயிரில் கலந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, கடைச் சாஸைவிட வாசனையாக இருக்கும். மிளகு அளவு கருப்பட்டி சேர்த்தால் புளிப்பும் காரமும் சமனாகிவிடும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் அதையே போடுங்கள். புதினாவும் கொத்தமல்லியும் அரைத்தது இன்னொரு வகை, ஆனால் அது அதே நாளில் தீர வேண்டும்.

சாலட்டுக்கு ஊற்றுவது என்றால், எடுத்து வைத்த தெளிந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு இளக்குங்கள். குழாய்த் தண்ணீரில் இளக்கினால் சப்பென்று ஆகிவிடும். சாப்பிட உட்காரும்போதுதான் ஊற்ற வேண்டும்.

சூடான வறுவலின் மேல் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

வெறும் தயிரும் பூண்டும் மிளகாயும் என்றால், ஃப்ரிட்ஜில் மூடி வைத்து இரண்டு நாள் பயன்படுத்தலாம். வெள்ளரியோ வெங்காயமோ சேர்ந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில், உங்கள் ஊரில் பாதி வருடம் அப்படித்தான், ஒரு மணி நேரம்தான் கணக்கு.

உண்மையிலேயே இது உடம்புக்கு நல்லதா என்றால், எண்ணிக்கையே சொல்லும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி. நீலப் பாக்கெட் பாலில் செய்த இந்த டிப்பில் அதே அளவுக்கு ஏறத்தாழ 20. அதோடு புரதமும் கிடைக்கிறது. இன்னொரு விஷயம், பச்சை முட்டை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்தைக் காரணம் காட்டி, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டை சேராத மயோனைஸில் அந்த ஆபத்து இல்லை. எண்ணெய் மட்டும் குறைவதில்லை.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். மீனும் பாலும் சேரக் கூடாது என்று ஆயுர்வேதம் சொல்கிறது. அந்தப் பேச்சுதான் ஊர்வழக்கில் தயிருக்கும் நீண்டு, வெள்ளைத் தழும்பு வரும் என்பதாக நிற்கிறது. வெண்புள்ளி என்பது, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை நம் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருவது. மீனும் தயிரும் அதற்குக் காரணம் இல்லை. வங்காளிகள் தயிரிலேயே மீன் குழம்பு வைத்துக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் மீனும் தயிரும் சாப்பிட்ட அன்று முகம் சிவந்தது, உடம்பெல்லாம் தடித்து அரித்தது என்று யாராவது சொன்னால், அது கற்பனையாக இருக்காது. அந்த அனுபவங்களில் பல மீனால் வந்திருக்கலாம். சூரை, அயிலை போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு, அரிப்பு, தலைவலி வரும். பக்கத்தில் இருந்த தயிர் பழியைச் சுமக்கும். அதனால் கவனம் மீனில் இருக்கட்டும். செவுள் சிவப்பாக, சதை அழுத்தினால் எழும்பி வருகிற மீனாக வாங்குங்கள். மீன் அலர்ஜியோ பால் அலர்ஜியோ உள்ளவர்களுக்கு மட்டும் இது வேறு கதை, அவர்கள் தொடவே கூடாது. மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவர் தட்டில் வைக்காதீர்கள். கேரட், உருளைக்கிழங்கு, பணியாரம் என்று தொட்டுக்கொள்ள எத்தனையோ இருக்கிறது.

உங்கள் கணவர் தாராளமாகச் சாப்பிடலாம், உப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டால். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன மொத்த டிப்புக்கும் கால் தேக்கரண்டி, அதாவது சுமார் ஒன்றரை கிராம் போதும். எலுமிச்சை, பூண்டு, முண்டு மிளகாய் மூன்றும் இருக்கும்போது நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. அவர் தட்டுக்கு உப்புப் போடும் முன்பே இரண்டு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடலாம். அன்று கருவாடோ ஊறுகாயோ இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால், அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு முதல் இரண்டு வாரம் ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் செய்து கொடுங்கள். கொழுப்புக்குப் பழகிய நாக்கு சட்டென்று மாறாது. அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பச்சைக்கும், அப்புறம் நீலத்துக்கும் இறக்கிக்கொள்ளலாம். மிளகாய் ஊறவைத்து அரைக்கும் வேலையை அவனிடமே கொடுத்துப் பாருங்கள்.