கல்லூரியில் கஞ்சா பிடித்தவருக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன், அமெரிக்க சிட்டிசன், வயது 25. ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு ‘சீக்ரெட்’ கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி) வாங்க வேண்டும். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு சில தடவை கஞ்சா பிடித்திருக்கிறேன். கேஸ் ஏதும் இல்லை. “யாருக்குத் தெரியப்போகிறது, விண்ணப்பத்தில் எழுதாதே” என்கிறார் அப்பா. என்ன செய்ய?

பதில்: எழுதிவிடுங்கள்.

உங்கள் அப்பாவின் பயம் காரணமில்லாதது அல்ல. சிட்டிசன் அல்லாத ஒருவர் கஞ்சா பிடித்ததை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால், தண்டனையே வாங்காவிட்டாலும் அமெரிக்காவுக்குள் நுழைய அது தடையாகலாம். விசாவிலும் கிரீன் கார்டிலும் பல வருடம் ஓட்டியவர்களுக்கு வாயைத் திறக்காமல் இருப்பதே பழகிப்போயிருக்கும். ஆனால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. (கிரீன் கார்டில் இருக்கும் நண்பர் கேட்டால், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

நீங்கள் நிரப்பப்போவது எஸ்எஃப்-86 என்ற கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவம். அதன் 23ஆம் பகுதி கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தினீர்களா என்று கேட்கும். முதலில் எப்போது, கடைசியாக எப்போது, எத்தனை முறை, இனியும் பயன்படுத்துவீர்களா என்று துருவும். இங்கே உண்மையாகச் சொல்லும் பதிலை உங்கள் மேல் குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க மாட்டோம் என்று அந்தப் பகுதியிலேயே அச்சிட்டிருக்கிறது. பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. விசாரணை அதிகாரி உங்கள் பழைய ரூம்மேட்டையும் தேடிப் போகலாம். பழைய கஞ்சாப் பழக்கத்தின் கனம் வருடம் போகப்போகக் குறையும். மறைத்ததோ, நீங்கள் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து புதுக் குற்றமாகத் தனித் தலைப்பில் எண்ணப்படும்.

இத்தனை வருடம் விலகியிருந்தால் போதும் என்று பொதுவான கணக்கு கிடையாது. எப்போது, எவ்வளவு, எந்த வயதில், இப்போது எப்படி என்று மொத்த ஆளையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று தேசியப் புலனாய்வு இயக்குநர் 2021 டிசம்பரில் தெளிவாக்கினார். இனித் தொட மாட்டேன், தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஆனால் இப்போதும் பயன்படுத்துகிறவருக்குக் கிளியரன்ஸ் தரச் சட்டத்திலேயே இடமில்லை. நியூ ஜெர்சியில் கடையிலேயே விற்கிறார்களே என்ற வாதம் எடுபடாது. பார்ப்பது மத்திய அரசின் சட்டத்தை. அதனால் கஞ்சா கலந்த ‘கம்மி’ (gummy) மிட்டாய் உட்பட எதுவும் வேண்டாம். கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயில், போதை தரும் பொருளான டிஎச்சி கலந்திருந்தால் பரிசோதனையில் பாசிட்டிவ் வரக்கூடும், அதையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. பரீட்சை நேரத்தில் நண்பனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அடரால் (கவனக் குறைபாட்டுக்கான மருந்து) மாத்திரையை வாங்கிப் போட்டிருந்தால், அதுவும் இந்தப் பகுதியில் வரவேண்டியதுதான். ‘சில தடவை’ என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை முறை இருக்கும் என்று யோசித்து எண்ணிக்கை போடுங்கள். தேதி சரியாக நினைவில்லையென்றால், உத்தேசம் என்று குறிக்கக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் சரி.