மகளின் பட்டியலைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் இப்போது விரும்பிப் படிக்கும் புத்தகங்களையும் பார்க்கும் தொடர்களையும் ஒரு பட்டியலாக எழுதி அனுப்பி, "இவளை எப்படித் திருத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். துப்பறியும் நாவல்கள், மூன்று தலைமுறைக் கதை சொல்லும் குடும்ப நாவல்கள், கொரியத் தொடர்கள், நீதிமன்றத்தில் நடக்கும் தொடர் ஒன்று என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்து நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால், உறவினர்கள் சொல்வதுபோல் கடன் வாங்கியாவது கணினிப் பொறியியலில் சேர்த்துவிடுவது என்ற முடிவை நான் ஏற்கவில்லை.

கணினிப் பொறியியல் நல்ல படிப்புதான். கணக்கிலும் நிரல் எழுதுவதிலும் மனம் ஒன்றுகிற பிள்ளை அதை எடுக்கட்டும். உங்கள் மகளுக்கு அந்த நாட்டம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாட்டமில்லாத நான்கு ஆண்டுப் படிப்பில் பாடங்கள் நிலுவையில் விழுந்தால், அந்தக் கடனுக்கான வட்டியைச் சித்தப்பாவோ மாமாவோ கட்டப்போவதில்லை. யோசனை சொல்பவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் இன்னொருவர் என்றால், அந்த யோசனைக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் ஒரு வரியில்தான் என் கவனம் நின்றது. தொடர் பார்க்கும்போது அவள் அடிக்கடி நிறுத்தி, திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலை ஒரு நோட்டில் எழுதி, அதன் கீழே தன் வரியையும் எழுதிவைக்கிறாள் என்கிறீர்கள். பொழுதுபோக்குக்காக மட்டும் பார்ப்பவர்கள் இப்படிச் செய்வதில்லை. ஆசிரியப் பணி, இதழியல் போன்ற தெரிந்த வழிகளை விட்டுவிட்டு, பலரும் கவனிக்காத சப்டைட்டில் எழுதும் துறையைப் பற்றியே சொல்கிறேன்.

சப்டைட்டில் எழுதுவது வெறும் மொழிபெயர்ப்பு வேலை அன்று. நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்டிருக்கும் விதிமுறைகளின்படி, ஒரு சப்டைட்டில் இரண்டு வரிகளைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு இடைவெளியும் சேர்த்து 42 எழுத்துகள்தான் இடம். திரையில் அதிகபட்சம் 7 வினாடி நிற்கலாம், ஒரு வினாடியில் ஆறில் ஐந்து பங்குக்குக் குறைந்தும் மறையக் கூடாது. பாத்திரம் மூச்சுவிடாமல் பேசுவதை இந்த அளவுக்குள் சுருக்கும்போது, எந்தச் சொல்லை விட்டால் கதை உடையாது என்று தெரிந்திருக்க வேண்டும். கொலையாளியின் பெயரைப் பாத்திரம் தயங்கித் தயங்கிச் சொல்லும் காட்சியில், அந்தப் பெயர் எழுத்தில் முன்னதாக வந்துவிட்டால் இயக்குநர் கட்டிய பதற்றம் அங்கேயே கலைந்துவிடும். ஷாட் மாறும் இடத்தையும் பார்த்து வரியை வெட்ட வேண்டும். துப்பறியும் நாவல்களை ஊன்றிப் படிக்கும் பெண்ணுக்கு, எந்தத் தகவலை எப்போது வெளியிட வேண்டும் என்ற இந்த உணர்வு பெருமளவு முன்கூட்டியே வாய்த்திருக்கும்.

இதோடு சேர்ந்தவை இரண்டு உண்டு. செவித்திறன் குறைந்தோருக்கான வசன எழுத்தில், யார் பேசுகிறார், பின்னால் என்ன ஓசை கேட்கிறது என்பதையும் எழுத வேண்டும். பார்வையற்றோருக்கான காட்சி விவரிப்பில், இரண்டு வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் சில வினாடி மௌனத்துக்குள், முகத்தின் மாற்றத்தையும் கையிலிருக்கும் கடிதத்தையும் சொல்லி முடிக்க வேண்டும். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் திரைப்படங்களும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே இதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு உரிய உரிமை, அதை நிறைவேற்றத் திறமையான ஆட்கள் தேவை.

இதன் கடினமான பக்கத்தையும் மறைக்கமாட்டேன். பெரும்பாலான வேலை ஒப்பந்த அடிப்படையில்தான் வருகிறது. ஊதியத்தைப் பெரும்பாலும் நிகழ்ச்சியின் நிமிடக் கணக்கில் தருகிறார்கள். மாத வருமானம் ஏறி இறங்கும். முதல் வரைவை இயந்திரமே தந்துவிடுவதால், அதைத் திருத்தும் வேலையாகப் பல பணிகள் சுருங்கிவருகின்றன, கூலியும் அதற்கேற்ப அழுத்தப்படுகிறது. இதை மட்டும் நம்பி அவளை இறக்கிவிடாதீர்கள். மொழியியலிலோ இலக்கியத்திலோ, கட்டணம் குறைந்த ஒரு கல்லூரியில் முறையான பட்டம் படிக்கட்டும். கூடவே இரண்டாவதாக ஓர் அயல்மொழியைத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறும் அளவுக்குக் கற்கட்டும். சில பல்கலைக்கழகங்களில் ஒலி-ஒளி மொழிபெயர்ப்புக்கென்றே, அதாவது திரைப்படம், தொடர் போன்றவற்றை மொழிபெயர்ப்பதற்கென்றே, முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதைப் பட்டம் முடித்தபின் யோசிக்கலாம்.

இப்போதைக்குச் செலவில்லாத ஒரு சோதனை போதும். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருள் இலவசம். அவளுக்குப் பிடித்த தொடரிலிருந்து ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, மேலே சொன்ன அளவுகளுக்குள் அவளே முழுமையாகச் செய்து பார்க்கட்டும். ஐந்து நிமிடக் காட்சிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகும் அடுத்த காட்சியை எடுக்கிறாளா, அல்லது அலுத்துப்போய் மூடிவைக்கிறாளா என்று பாருங்கள். அலுத்துவிட்டால் வேறு வழிகளை மூவரும் உட்கார்ந்து பேசுவோம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். அடுத்த முறை வரும்போது பட்டியலை விட்டுவிட்டு, அந்த நோட்டோடு அவளையும் அழைத்து வாருங்கள்.