டேப்பட் சத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் ஹோண்டா சி70-ல் 'டிக் டிக்' என்று டேப்பட் சத்தம் வந்தது. மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்தார். இப்போது காலையில் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்கிறது. (மௌல்மீன்)

சத்தம் போக வேண்டுமென்று டேப்பட்டை, அதாவது வால்வைத் தட்டும் ஸ்க்ரூவை, அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார் போலிருக்கிறது. ஸ்க்ரூவுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், வண்டி கிளம்பாது. அதைவிடப் பெரிய ஆபத்து புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு. மூடி சீட்டில் உட்காரும்போதுதான் அதன் சூடு ஹெட்டுக்குள் இறங்கும். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகிவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. வைக்கச் சொல்லுங்கள். லேசாக டிக் டிக் கேட்டால் கேட்கட்டும். சத்தமே இல்லாத பழைய என்ஜினைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நானே பார்த்துக்கொள்ளலாமா? (தட்டோன்)

தாராளமாக. ஆனால் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹோண்டா சொல்வது 35 டிகிரிக்குக் கீழே. திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் மத்தியான வெயிலில் நிற்கும் வண்டி ஓடாமலேயே அதைத் தாண்டிவிடும், விடிந்ததும் செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னெட்டை (என்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) இடப்பக்கத்திலிருந்து பார்த்து, வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். முதலில் 'எஃப்' வரும், அது கரண்ட் அடிக்கும் இடம். அதைத் தாண்டி வரும் 'டி' குறி, பக்கத்துக் கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். வால்வுகளை அமுக்கும் இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆடினால் சரி. ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

மேல் மூடிக்குள் இன்டேக் (பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் வால்வு), கீழ் மூடிக்குள் எக்ஸாஸ்ட். கீழே திறக்கும்போது ஆயில் சொட்டும், துணி வைத்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகடுகளில் 0.05 தகடு, ஸ்க்ரூவுக்கும் வால்வுக்கும் நடுவே லேசான பிடிப்போடு நழுவ வேண்டும்; 0.10 நுழையவே கூடாது. பலரும் கோட்டைவிடுவது ஸ்க்ரூவை அசையாமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போதுதான். நட்டோடு ஸ்க்ரூவும் சுற்றி, பார்த்து வைத்த இடைவெளி குறைந்துவிடும். ஸ்க்ரூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், இறுக்கியபின் தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள்.

ஃபீலர் கேஜ் கிடைக்கவில்லை. நோட்டுத் தாளை மடித்து வைத்துப் பார்க்கலாமா? (பெகு)

வேண்டாம். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றே ஏறக்குறைய 0.10 மி.மீ. தடிமன், நமக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. மடித்தால் கேட்கவே வேண்டாம்.

0.05 சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையே?

ராக்கரில் வால்வைத் தட்டும் ஸ்க்ரூவின் முனையைக் கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்காக அடித்து அதில் குழி விழுந்திருக்கும். தகடு குழியின் மேல் பாலம் போட்டது மாதிரி நிற்பதால் 0.05 என்று காட்டும். உள்ளே உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ஸ்க்ரூ மலிவு, மாற்றிவிடுங்கள். சத்தம் டிக் டிக்காக இல்லாமல் கரகரவென்று இழுத்தால் டைமிங் செயினைப் பாருங்கள், டேப்பட்டைத் தொட வேண்டாம்.

என்னுடையது சீன 125. அதற்கும் இதே அளவுதானா?

எந்த என்ஜினைப் பார்த்துச் செய்தது என்பதைப் பொறுத்தது. ஹோண்டா சிஜி125 போல நிமிர்ந்த சிலிண்டரும் புஷ்ராடும் (ராக்கரைத் தள்ளும் நீளக் கம்பி) இருந்தால் 0.08. சி70 போன்ற ஹோண்டா கப் (Cub) வண்டிகளில் இருப்பது போலப் படுத்த சிலிண்டர் என்றால் பெரும்பாலும் 0.05. வண்டியோடு வந்த புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தையே நம்புங்கள்.

ரங்கூனுக்குள் பைக் ஓட்டத் தடை என்பதால் வண்டி ஊரில் மாமா வீட்டில் சும்மா நிற்கிறது. டேப்பட் மாறியிருக்குமா?

நின்ற வண்டியில் தேய்மானம் ஏது? ஆனால் மழைக்கால ஈரத்தில் வால்வு தண்டு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். எடுத்த எடுப்பில் கிக் அடிக்காமல், பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, மேக்னெட்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தங்கு தடையில்லாமல் சுற்றினால் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.