அடைகாக்கும் பருவத்தில் வான்கோழி வேட்டையா?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வசிக்கும் என் தம்பி, மே மாதத்தில் ஒரு விடியற்காலை காட்டுக்குப் போய், மரப்பெட்டி ஒன்றைத் தேய்த்தே காட்டு வான்கோழியை வரவழைத்துச் சுட்டதாக எழுதியிருக்கிறான். பறவைகள் அடைகாக்கும் பருவத்தில் வேட்டைக்கு அனுமதி தருவார்களா? பெட்டிச் சத்தத்துக்குப் பறவை வருமா?

பதில்: இரண்டும் உண்மைதான். அங்கு வசந்த காலத்தில் சுட அனுமதிக்கப்படுவது தாடியுள்ள பறவையை மட்டுமே. தாடி என்பது மார்பிலிருந்து குதிரைவால் மயிரைப் போலத் தொங்கும் ஒருவகை இறகு. அது அநேகமாகச் சேவல்களுக்கே உரியது, அரிதாகச் சில பெட்டைகளுக்கும் முளைப்பதுண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணையும் இனம் இது. முட்டையிட்ட பெட்டை சுமார் 28 நாட்கள் தனியாகவே அடைகாக்கும், சேவலுக்கு அதில் பங்கில்லை. பெட்டைகளில் பெரும்பாலானவை இணைந்து முடித்து அடையில் அமரும் காலத்தை ஒட்டியே வேட்டைப் பருவத்தை வகுக்கிறார்கள். பருவத்தின் முதற்பாதியில் நண்பகலோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்ற விதியும் அடைகாக்கும் பெட்டைகளைக் கலைக்காமல் இருப்பதற்காகத்தான்.

பெட்டைகள் அடைக்குப் போய்விட்டதால் துணையின்றி அலையும் சேவலைத்தான் அந்தப் பெட்டி ஏமாற்றுகிறது. மெல்லிய மரத்தாலான சிறு பெட்டியின் விளிம்பில் சுண்ணக்கட்டி பூசிய மூடியை இழுத்துத் தேய்த்தால், பெட்டை கூப்பிடுவது போன்ற கரகரத்த குரல் எழும். ஆயினும் இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும் என்பதால், சேவல் பதிலுக்குக் கத்திவிட்டு, நின்ற இடத்திலேயே தோகையை விரித்தபடி மணிக்கணக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு ஓயாமல் பெட்டியைத் தேய்ப்பவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். சற்றுப் பேசாமல் இருந்தால், குரல் அடங்கிவிட்டதே என்று சேவல் தானாகத் தேடி வருவதுண்டு. மயிலைப் பார்த்து ஆடிய பறவை என்று நாம் கேலி செய்தாலும், அதன் பார்வை மிகக் கூர்மையானது. ஆகையால் முகம் உட்பட உடல் முழுவதையும் காட்டு நிறத் துணியால் மறைத்து, தோளைவிட அகன்ற மரத்தில் சாய்ந்து, அசையாமல் அமர வேண்டும். அந்த மரம் பின்னாலிருந்து தவறிவரும் குண்டுக்கும் கேடயம். சிவப்பு, வெள்ளை, நீல நிறத் துணி கைக்குட்டையளவுகூட வெளியே தெரியக் கூடாது. சேவலின் தலையிலும் அதே நிறங்கள் இருப்பதால், இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே பறவையென்று எண்ணிவிடக்கூடும்.

சுடுவதற்கு ரவைத் துப்பாக்கியையே பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 40 கெஜத்துக்குள் வந்த பிறகு, தலையையும் கழுத்தையும் குறிவைத்துச் சுடுவார்கள். பறவை விழுந்தவுடன், அதை இடம் மாற்றுவதற்கு முன்பே உரிமத்துடன் வந்த சீட்டை நிரப்பி அதில் கட்டிவிட வேண்டும்.

அடுத்த கடிதத்தில், சேவலின் கால் முள் எவ்வளவு நீளம் என்று உங்கள் தம்பியிடம் கேளுங்கள். வெறும் குமிழாக இருந்தால் அது அனுபவமற்ற ஒரு வயதுச் சேவல். ஓர் அங்குலத்தைத் தாண்டிக் கூர்மையாக வளைந்திருந்தால், பல பெட்டிச் சத்தங்களைக் கேட்டும் பிழைத்திருந்த கிழட்டுச் சேவலையே அவர் வரவழைத்திருக்கிறார்.