லாரி வந்து போன இரண்டே வாரத்தில் மறுபடி அடைக்கும் செப்டிக் டேங்க்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். கீழ்த்தள டாய்லெட்டில் ஃபிளஷ் செய்தால் தண்ணீர் மேலே ஏறி நின்று, மெதுவாகத்தான் இறங்குகிறது. மாடியில் ஃபிளஷ் செய்தால் கீழே களக் களக் என்று சத்தம். டேங்க் சுமார் 3,000 லிட்டர். அதில் டாய்லெட் தண்ணீர் மட்டும்தான் சேர்கிறது; குளியல், சமையலறைத் தண்ணீருக்குத் தனி வழி. நான்கு மாதம் முன்பு லாரி வைத்து உறிஞ்சினோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. மழை பெய்தால் இன்னும் மோசம். மறுபடி லாரியைக் கூப்பிடலாமா, இல்லை பாக்டீரியா பவுடர் போட்டால் சரியாகுமா?

பதில்: லாரியைக் கூப்பிடலாம். ஆனால் இந்த முறை அது உறிஞ்சும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். பவுடர் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு வாரம்தான். டாய்லெட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 40 லிட்டர் விடுகிறார் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 200 லிட்டர். காலியான 3,000 லிட்டர் டேங்க் நிறைய 15 நாள் ஆகும். அதாவது அந்த இரண்டு வாரமும் டேங்க் நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. வெளியே ஒரு சொட்டும் போக வேண்டிய தேவையே வரவில்லை. நிறைந்து, வெளியே போக வேண்டிய முதல் நாளே சிக்கிக்கொண்டது. ஆகவே கோளாறு அநேகமாக டேங்கைத் தாண்டிய பக்கத்தில்தான் இருக்கிறது.

‘டேங்க் நிறைந்துவிட்டது’ என்று பலர் பயப்படுகிறார்கள். நன்றாக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். கனமான கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். உள்ளே ஒரு வாளி தண்ணீர் வந்தால், நடுவில் இருக்கும் நீரில் ஒரு வாளி வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். அந்தக் குழியைச் சுற்றியுள்ள மண் அதைக் குடிக்க வேண்டும். எனவே நீர் நிற்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, எந்த மட்டத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாரும், எந்தக் காரணத்துக்காகவும், காலி செய்த டேங்காக இருந்தாலும், உள்ளே இறங்கக் கூடாது. வேலைக்கு வருபவரையும் இறக்காதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். ‘நாற்றம் இல்லை, பயமில்லை’ என்று நினைக்கும்போதே ஆள் மயங்கி விழுந்துவிடுவார். காப்பாற்றப் போகிறவரும் அடுத்தடுத்து விழுவது இப்படித்தான். மீத்தேனும் இருக்கும், தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். திறந்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வெளியேறும் குழாய் இருக்கும் பக்கத்து மூடியைத் திறங்கள். நீர்மட்டம் அந்தக் குழாயின் அடிவிளிம்போடு நின்றால் டேங்க் சரியாக இருக்கிறது. வீட்டிலிருந்து டேங்குக்கு வரும் லைனிலோ நடுவில் உள்ள சேம்பரிலோ அடைப்பைத் தேடுங்கள். குழாயே மூழ்கும் அளவுக்கு மட்டம் ஏறியிருந்தால் வெளியேறும் வழியில் தடை. உங்கள் வீட்டில் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். உள்ளே வரும் குழாய் வெளியேறும் குழாயைவிட வழக்கமாக 5 முதல் 7.5 சென்டிமீட்டர்தான் உயரம். அந்தச் சிறிய இடைவெளி மூழ்கியதும் கீழ்த்தள டாய்லெட் திணறத் தொடங்கும். மாடியிலிருந்து விழும் நீர் லைனில் உள்ள காற்றைத் தள்ளும். அது போக இடமில்லாமல் கீழ் டாய்லெட் வழியாகக் கிளம்புவதுதான் அந்தக் களக் சத்தம். காற்றுக் குழாயின் உச்சியில் பறவைக் கூடு, குளவிக் கூடு அடைத்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து உறிஞ்சு குழியின் மூடியைத் திறங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பது இங்கேதான் தெரியும். டேங்கில் மட்டம் ஏறியிருக்க, குழியில் நீர் வெகு கீழே இருந்தால் நிம்மதி: இரண்டுக்கும் இடையில் மட்டும் அடைப்பு. வெளியேறும் வாயில் ‘டி’ வடிவக் குழாய் ஒன்று இருக்கும். ஏடும் கசடும் போகாமல் நடுநீர் மட்டும் போகட்டும் என்றுதான் அதன் ஒரு கால் நீருக்குள் இறங்கியிருக்கிறது. அதில் ஏடு கட்டியாக உறைந்திருக்கலாம், துணியோ நாப்கினோ சிக்கியிருக்கலாம். மேலிருந்தே நீண்ட கம்பால் குத்தி எடுத்துவிடலாம். வாயில் ஃபில்டர் வைத்த டேங்க் என்றால் அதைக் கழற்றிக் கழுவி, கழுவிய நீரையும் டேங்குக்குள்ளேயே விடுங்கள்.

குழியும் தளும்ப நின்றால் மண் குடிப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். லாரி உறிஞ்சும்போது இதை உறுதி செய்துகொள்ளலாம்: டேங்கில் மட்டம் இறங்கியதும் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே கொட்டினால் சந்தேகமே வேண்டாம், குழிதான் காரணம். அடிக் கசடையும் கலக்கி எடுக்கச் சொல்லுங்கள். மேல்நீரை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் காசு வீண். காலியானதும் அந்த ‘டி’ குழாய் முழுதாக இருக்கிறதா என்று மேலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். அது உடைந்து போயிருந்தால் ஏடும் கசடும் நேராகக் குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். அதை மாற்றாமல் புதுக் குழி தோண்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

மழையில் மோசமாவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மூடியின் விளிம்பு வழியாகவோ மொட்டை மாடிக் குழாய் வழியாகவோ மழைநீர் உள்ளே வரலாம். அதைத் திருப்பிவிடுவது சுலபம். நிலத்தடி நீர் குழியின் அடிவரை ஏறுகிறது என்றால் அது பெரிய சிக்கல். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் குறைந்தது ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும்.

அடைத்துப்போன குழியை ஆசிட் ஊற்றி மீட்க முடியாது. குழிச் சுவரில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு படலம் கட்டியிருக்கும். தண்ணீரை உள்ளே விடாமல் பல மாதம் ஓய்வு கொடுத்தால் காற்றுப்பட்டு அது காய்ந்து சிதையும். அதனால் இரண்டாவது குழி ஒன்று தோண்டி, நடுவில் வழிமாற்றும் சேம்பர் வைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதையே நான் சொல்வேன். செலவு அதிகம்தான், ஆனால் லாரிக்கு மாதாமாதம் கொடுப்பதைவிட மேல்.

பவுடர் ஏன் வேண்டாம் என்றால், தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே தினமும் வருகின்றன. சில பொருட்கள் கசடைக் கலக்கிவிட்டுக் குழிக்கே அனுப்பவும் செய்யும். டாய்லெட் கழுவும் ஆசிட், பிளீச்சிங் இவற்றை அளவாக வைத்துக்கொண்டாலே அந்த உயிர்கள் பிழைத்துக்கொள்ளும்.

குழிச் செலவில் இறங்கும் முன் ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அதில் கொஞ்சம் கலர் பொடி கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் கலர் தெரிந்தால் ஒழுகல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒழுகலே நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைக் குழியில் இறக்கிவிடும்.

புதுக் குழிக்கு இடம் பார்க்கும்போது, கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளிப் பாருங்கள். மரவேர், வண்டி நிறுத்தும் இடம் இரண்டும் வேண்டாம். தோண்டப்போகும் ஆழத்தில் சிறிய குழி எடுத்து, ஓர் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஒரு சாண் தண்ணீர் ஊற்றுங்கள். 2.5 சென்டிமீட்டர் இறங்க அரை மணிக்குள் ஆனால் அந்த மண் தாங்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அங்கே உறிஞ்சு குழி எடுக்காதீர்கள். வேறு இடம் பாருங்கள், அல்லது மண்ணை மேடாக நிரப்பி அதில் கழிவுநீரை விடும் அமைப்பு சரிப்படுமா என்று ஒரு பொறியாளரை நேரில் வரவழைத்துக் கேளுங்கள்.