பரிந்துரை வேண்டும், பிடி நம் கையில் இருக்க வேண்டும்

நம் ரசனையைப் பார்த்து யூடியூப் போன்ற தளங்களே வீடியோ, பாட்டு என்று பொறுக்கித் தருவது பிடிக்கிறதா, அதைக் கட்டுப்படுத்தத் தரும் வசதிகள் உண்மையில் உதவுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு, பிடிக்கும். இருப்பதையெல்லாம் அப்படியே கொட்டினால் யாராலும் தேடி எடுக்க முடியாது. நான் விரும்பிக் கேட்கும் பாடகர்களில் பாதிப் பேர் பரிந்துரை வழியாக வந்தவர்கள்தான். அதனால் இப்படிப் பொறுக்கித் தரும் கணினி நிரலான அல்காரிதமே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் கோபமெல்லாம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஒரு சேனலை நானே சப்ஸ்கிரைப் செய்தால் அது நான் சொன்ன சொல். நான் சொல்லாததையும் தளமே ஊகித்துக்கொண்டால் என்ன செய்வது? உறவினர் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் என்றதும் ஒரு வீடியோ தளத்தில் சில வீடியோக்கள் பார்த்தேன். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், ஆபரேஷன் தேவைப்படுமா, அவ்வளவுதான். அவர் குணமாகி வேலைக்குப் போன பிறகும் என் முகப்பில் கல், வயிறு, மூலிகைச் சாறு. மூன்று புள்ளியைத் தொட்டு 'ஆர்வமில்லை' கொடுத்தால் அந்த ஒன்று மறையும், அதன் அண்ணன் தம்பிகள் வேறு தலைப்போடு கீழே வந்து நிற்பார்கள். பார்த்தவற்றின் பட்டியலான ஹிஸ்டரிக்குள் போய் ஒவ்வொன்றாக நீக்கிய பிறகுதான் குறைந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 2022-இல், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பின்னால் இருக்கும் மொஸில்லா அறக்கட்டளை, 20,000-க்கும் மேற்பட்டவர்கள் விரும்பிக் கொடுத்த தரவை வைத்து யூடியூபின் பொத்தான்களைச் சோதித்தது. 'ஆர்வமில்லை' தடுத்தது, வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தை. 'டிஸ்லைக்' 12. ஹிஸ்டரியிலிருந்து நீக்குவது 29. சேனலையே பரிந்துரைக்காதே என்பதுதான் அதிகபட்சம், அதுவும் 43. 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொன்ன பிறகும் பாதிக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் அதைக் கட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது?

2012-இல், கருத்துக் கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் கேட்டபோது, தேடல் விவரங்களைச் சேர்த்துவைத்து அதன்படி முடிவுகளை வரிசைப்படுத்துவது நல்லதல்ல என்று தேடுபொறி பயன்படுத்துவோரில் 65 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை. சொல்வதொன்று செய்வதொன்று என்று இதைக் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுப்பதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. யூடியூபில் ஹிஸ்டரியை அணைத்து, பழையதும் பெரிதாக இல்லையென்றால், 2023 ஆகஸ்ட் முதல் முகப்பு கிட்டத்தட்ட காலிதான். இன்ஸ்டாகிராம் 2016-இல் எடுத்துவிட்ட, புதிய பதிவு முதலில் வரும் நேர வரிசையை 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் அதையே நிரந்தர முகப்பாக வைத்துக்கொள்ள அப்போது வழி தரவில்லை. எல்லாவற்றையும் கொடு, இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்பதுபோல் இருக்கிறது. நடுவில் நிற்க இடம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இதில் நல்ல வேலை செய்திருக்கிறது. அங்கே மாதம் நாலரைக் கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள், நம்மைப் பற்றிய கணிப்பைச் சாராத ஒரு பரிந்துரை முறையையாவது தந்தாக வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கும் மேலாக, தலைப்பு வாரியாக அணைக்கும் வசதி வேண்டும்: பாட்டு பரிந்துரைக்கட்டும், நோய் வேண்டாம்.

அதுவரை நான் செய்வது இவ்வளவுதான். அடுத்தவருக்காகத் தேடினால் ஹிஸ்டரியில் சேராத இன்காக்னிட்டோ சாளரத்தில் தேடுகிறேன். அப்புறம், கூகுள் கணக்கில் ஹிஸ்டரி தானாக அழிய 3, 18, 36 மாதங்கள் என்று மூன்று தேர்வுகள் உண்டு. நான் 3 வைத்திருக்கிறேன். நல்ல பரிந்துரைகள் வருவது அதனால் நிற்கவில்லை.