லே ஓஃப் காலத்தில் விடுமுறைப் பணம் வந்தால் ஈ.ஐ. குறையுமா?

டிசம்பர் நெருங்கினால் கனடாவின் பல தொழிற்சாலைகளில், வேலை குறைவென்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் லே ஓஃப் தொடங்கிவிடும். வேலையிழப்புக் காப்புறுதியான ஈ.ஐ. பற்றிய கேள்விகளும் கூடவே வந்து குவியும்.

கேள்வி: டிசம்பர் நடுவில் என்னை லே ஓஃப் செய்துவிட்டார்கள். ஆனாலும் கிறிஸ்மஸ், பொக்சிங் டே, புத்தாண்டு ஆகிய மூன்று நாள்களுக்கும் சம்பளம் தருகிறார்கள். ஈ.ஐ. நின்றுவிடுமா?

பதில்: நிற்காது, குறையும். பணம் எப்போது கைக்கு வந்தது என்பதல்ல, அந்த விடுமுறை நாள் எந்த வாரத்தில் வருகிறது என்பதே கணக்கு. வாரம் என்பது ஞாயிறு முதல் சனி வரை. உங்கள் வாரச் சம்பளம் 800 டொலர் என்றால், அதில் 55 சதவீதமான 440 டொலர் ஈ.ஐ. கிடைக்கும். கிறிஸ்மஸும் பொக்சிங் டேயும் ஒரே வாரத்தில் வந்து, நாளுக்கு 160 வீதம் 320 டொலர் கிடைத்தால், அதில் பாதியைக் கழிப்பார்கள். அந்த வாரம் 280 டொலர் வரும். புத்தாண்டு வாரத்தில் 360. இது, ஈ.ஐ. வராத முதல் வாரமான காத்திருப்பு வாரம் முடிந்த பிறகான கணக்கு. ஈ.ஐ.க்காக நீங்கள் அனுப்பும் இரு வார அறிக்கையில், வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை அந்தந்த விடுமுறை வாரத்துக்கே எழுதுங்கள். காசோலை வந்த வாரத்தில் எழுதிவிட்டு, பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தோடு என்னிடம் வருவோர் பலர்.

கேள்வி: வருடாந்த விடுப்புக்காகச் சேர்ந்திருந்த வக்கேசன் பணம் 2,400 டொலரை லே ஓஃப் செய்யும்போதே மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் இதே கணக்கா? எனக்கும் வாரம் 800 டொலர்தான்.

பதில்: இல்லை. வழமையான விதிப்படி அதை வாரச் சம்பளத்தால் பிரிப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஈ.ஐ. வராது. ஆனால் அந்த வாரங்கள் பறிபோவதில்லை, பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. அமெரிக்க இறக்குமதி வரி நெருக்கடியால் 2025 மார்ச் 30 முதல் இந்த விதியை அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆகவே உங்கள் ஈ.ஐ. கோரிக்கை தொடங்கிய திகதி அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். எப்படியானாலும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கடைசி வேலைநாளிலிருந்து நான்கு வாரம் கடந்தால் பணத்தை இழக்க நேரலாம். முதலாளி உங்கள் வேலைப் பதிவான ஆர்.ஓ.ஈ. அனுப்பட்டும் என்று காத்திருப்பதும் வீண்.

கேள்வி: எனக்கு ஒவ்வொரு சம்பளத்தோடும் வக்கேசன் பணம் 4 சதவீதம் சேர்ந்தே வந்தது.

பதில்: கவலை வேண்டாம். அது வேலை செய்த வாரங்களின் வருமானமாக ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது.

கேள்வி: வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில், தம்பியின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய்வரலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், அந்த நாள்களுக்கு ஈ.ஐ. கிடைக்காது. நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்குக்கோ, கடும் நோயில் இருக்கும் அத்தகைய உறவினரைப் பார்க்கவோ போனால் ஏழு நாள் வரை விலக்கு உண்டு. கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை. எதற்காகப் போனாலும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.